மலைக்குச் சென்று என்ன கொண்டுவந்தோம்?

ஆட்சிக் குழுப் பெரியவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் எம் துறைக்கு வந்திருந்தார். உதகமண்டலத்திற்கு மூன்றாமாண்டு மாணவர்களை அழைத்துச் சென்று திரும்பி நான்கு நாள்களே ஆகியிருந்தன. மேசைமேல் கிடந்த நிழற்படங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பூங்காவின் புல்வெளியில் ஒரு படம், ஏரிப்படகில் ஒரு படம், தொட்டபெட்டா முகட்டில் பனிமூட்டத்திடையே ஒரு படம். படங்களைக் கீழே வைத்துவிட்டு, "பேராசிரியர் அவர்களே, பிள்ளைகளை மூன்று நாள் மலைக்கு அழைத்துப் போனீர்கள். அங்கிருந்து அவர்கள் என்ன கொண்டுவந்தார்கள்?" என்று அமைதியாகக் கேட்டார்.

நாம் வாய் திறப்பதற்குள், அருகில் நின்ற மாணவன் வெள்ளந்தியாக, "வர்க்கியும் தைலமும் வாங்கி வந்தோம் ஐயா" என்றான். பெரியவர் சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டு எம் துறையின் கல்விச் சுற்றுலா நின்றது. அதற்கடுத்த ஆண்டும் நடைபெறவில்லை. இப்போது அதனை மீண்டும் தொடங்கலாமா என்ற பேச்சு எழுந்துள்ளது. மாணவர் வேண்டுமென்கின்றனர். பெற்றோருட் சிலர், அதிலும் பெண்மக்களைப் பெற்றோர், தயங்குகின்றனர். பெரியோர் சிலர் வீண் செலவு என்கின்றனர். இவ்வேளையில் எம் கருத்தை இம்மலரின் வாயிலாக முன்வைப்பது கடமையெனக் கருதுகிறோம்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்வோம். பெரியவரின் வினா நியாயமானது. விடையற்று நின்ற குற்றம் எம்முடையதேயன்றி மாணவருடையதன்று. எனினும் அவ்வினாவுக்குரிய விடை சுற்றுலாவை நிறுத்துவதன்று, அதனைத் திருத்துவதே என்பது எமது துணிபு.

யாருடைய பட்டியல்?

உதகைக்குச் செல்வோர் எவ்விடங்களைக் காண்கின்றனர்? தாவரவியற் பூங்கா, ஏரி, மலை இரயில், தொட்டபெட்டா. இப்பட்டியலை யார் வகுத்தார்? சற்று எண்ணிப் பார்த்தால் வியப்புத் தோன்றும்.

1799-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் வீரமரணம் எய்திய பின், மைசூர் ஆட்சியின்கீழ் இருந்த நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. எனினும் இருபது ஆண்டுகள்வரை வெள்ளையர் எவரும் அங்குக் குடியேறவில்லை. கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். முதலில் கோத்தகிரிப் பக்கத்தில் வீடு கட்டினார். பின்னர் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் விலையில் நிலம் வாங்கி, 1822-இல் உதகையில் கல் வீடொன்றைக் கட்டத் தொடங்கினார். ஓடைநீரைத் தேக்கி ஏரியை உண்டாக்கியவரும் அவரே. அந்த ஏரியின் பழைய பரப்பில் ஒரு பகுதியின்மீதுதான் பின்னாளில் பேருந்து நிலையமும் குதிரைப்பந்தயத் திடலும் எழுந்தன. 1840-களின் இறுதியில் மக்ஐவர் என்னும் தோட்டக்கலைஞரின் கைவண்ணத்தில் பூங்கா உருப்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தின் ஆளுநரும் அதிகாரிகளும் கோடைதோறும் இங்கே வந்து தங்கி ஆட்சி நடத்தினர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899-இல் ஓடத் தொடங்கிய பற்சக்கர இரயில் 1908-இல் உதகையை எட்டியது. ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவில் 16 குகைகளையும் 250 பாலங்களையும் கடந்து ஏறும் அப்பாதை, 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆகவே நாம் காணச் செல்லும் இடங்கள் யாவும், வெயில் தாங்காத வெள்ளையர் தம் நாட்டின் சாயலை நம் மலையில் அமைத்துக்கொண்ட இடங்கள். அவை அழகியவை அல்ல என்று கூறவில்லை. ஆனால் ஆட்சியாளர் அகன்ற பின்னும் அவர்தம் ஓய்வு இடங்களையே மலை என்று எண்ணித் திரும்பிவருகிறோம். மலையிலே முன்பே வாழ்ந்திருந்தோர் யாவர், அவர்தம் மொழி யாது, அம்மண்ணுக்கு நேர்ந்தது என்ன என்பவை எம் பயணத் திட்டத்தில் ஒருநாளும் இடம்பெற்றதில்லை. நான்கு முறை மாணவர்களை அழைத்துச் சென்ற நாம் முதல் மூன்று முறையும் இதனை உணரவேயில்லை.

ஓர் உத்திரத்தின் கீழே

நான்காம் முறை, மழை பிடித்துக்கொண்டதால் படகுச் சவாரி தடைப்பட்டது. ஒதுங்க இடந்தேடித் தூய ஸ்தேவான் தேவாலயத்தை அடைந்தோம். 1829-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1830-இல் அர்ச்சிக்கப்பெற்ற பழமையான தேவாலயம் அது. அங்கிருந்த பெரியவர் ஒருவர் மாணவரை அன்புடன் வரவேற்று, மேலே நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். கூரையைத் தாங்கும் பெருமரங்கள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்றார். அவ்வாலயத்தின் வரலாற்றைக் கூறுவோர் அனைவரும் இதனைக் குறிப்பிடுவர். நாமும் எங்கோ படித்திருந்தோம். ஆயினும் அந்த உத்திரத்தின் கீழே நின்று கேட்டபோது நெஞ்சம் ஒரு கணம் நின்றது.

மாணவரிடையே அமைதி நிலவியது. ஒரு மாணவன் மெல்ல, "அப்படியானால் இது நம்முடையது அல்லவா ஐயா?" என்றான். அவன் குரலில் பெருமையும் இருந்தது, சினமும் இருந்தது. அன்று அவனுக்கு உரிய விடையை எம்மால் கூற இயலவில்லை. பின்னர் நெடுநாள் சிந்தித்தோம்.

அம்மரங்கள் வெற்றி கொண்டோரால் பெயர்த்தெடுக்கப்பட்டவை என்பது வரலாறு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இன்று அக்கூரையின்கீழ் தொழுவோர் எம் நாட்டு மக்கள். மழைக்கு ஒதுங்கிய எம்மை உள்ளே அழைத்து அமரச் செய்தவர்கள் அவர்கள். ஒரு வழிபாட்டில்லத்தின் கூரையை நோக்கி, 'இது எங்களுடையது' என்று உரிமை பேசும் மனப்பாங்கு எந்தச் சமயத்தார்க்கும் நன்மை தந்ததில்லை என்பதை அண்மைக்கால வரலாறு நமக்குக் கற்பித்திருக்கிறது. நாம் வருந்தியதை நாமே பிறர்க்குச் செய்தலாகாது.

மற்றொன்றும் உண்டு. திப்புவின் உத்திரத்தைக் கண்டு பெருமூச்செறிந்த நாம், அம்மலை மைசூரின் ஆட்சிக்கு வருமுன்னும் அங்கே மக்கள் வாழ்ந்தனர் என்பதை எண்ணினோமா? 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்த போசளர் காலக் கல்வெட்டொன்று, விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோடரை அச்சுறுத்தியதாகப் பெருமை பேசுகிறது. மலைமக்களைப் பற்றிய பழைய சான்றுகளுள் ஒன்று, அவர்கள் அச்சுறுத்தப்பட்ட செய்தியாகவே கிடைப்பது எண்ணத்தக்கது. அரசர் மாறினர், கம்பெனி வந்தது, ஆளுநர் வந்தனர். எருமை மேய்த்தவர்களை மட்டும் எவரும் கேட்கவில்லை. 'நம்முடையது' என்ற சொல்லை அம்மலையில் முதலில் உரைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று அம்மாணவனிடம் வினவியிருக்க வேண்டும். அன்று வினவத் தவறினோம். இன்று எழுதுகிறோம்.

தேவாலயத்தை அடுத்துள்ள கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியுள்ளனர். மலைமக்களின் நில உரிமைக்காகத் தம் மேலதிகாரிகளிடம் வாதாடியவர் அவர் என்பதையும் மறத்தலாகாது. நிலம் வாங்கியவரும் அவரே, நிலம் தோடருடையது என்று எழுதியவரும் அவரே. மனிதரை ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுதல் எளிது. வரலாறு கற்பவர்க்கு அது தகாது. இப்பாடத்தை வகுப்பறையில் ஒரு பருவம் முழுதும் நடத்தினாலும் அக்கல்லறையின் முன் நிற்கும் அரைமணி நேரத்திற்கு ஈடாகாது.

திணை தவறிய பாடம்

எமக்கு நேர்ந்த நாணத்தக்க நிகழ்ச்சியொன்றையும் இங்குக் கூறவேண்டும். தாவரவியற் பூங்காவின் மேற்பகுதியில் தோடர் மந்து ஒன்று உண்டு. அதன் அருகே, வெண்துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பின்னல் வேலை செய்த புத்துக்குளிகளை விரித்து ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். நாம் மாணவரைச் சூழ நிறுத்திக் குறிஞ்சித் திணையை விளக்கத் தொடங்கினோம். மலையும் மலைசார்ந்த இடமும், வேட்டையும் தேனெடுத்தலும், தினைப்புனக் காவலும் என அடுக்கிவிட்டு, "அக்குறிஞ்சி மக்களின் வழிவந்தோர் இதோ இங்கே உள்ளனர்" என்று அம்மூதாட்டியைச் சுட்டினோம்.

அவர் தையலிலிருந்து தலைநிமிர்ந்தார். "சார், வேட்டை எங்க வழக்கமில்லை. எங்க பெரியவங்க கறியே தொட்டதில்லை. எங்களுக்கு எருமைதான் எல்லாம்" என்றார். பிறகு மீண்டும் ஊசியை எடுத்துக்கொண்டார். மாணவியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு புன்னகைத்தனர்.

மலையில் வாழ்வோர் யாவரும் வேட்டுவரே என்று எம் நூலறிவு எம்மை எண்ண வைத்தது. தோடர் ஆயர். பால்தரும் எருமையும் பால்மனையும் அவர்தம் வழிபாட்டின் நடுவண் உள்ளவை. திணை இலக்கணப்படி நோக்கின் நிலம் குறிஞ்சி, ஒழுகலாறோ முல்லை. அதே மலையில் தேனெடுக்கும் குறும்பரும் இருளரும் குறிஞ்சிக்கு அணியராவர். கோத்தர் கொல்லுத் தொழிலிலும் மட்பாண்டத்திலும் இசையிலும் வல்லவர். படுகர் உழவர். வேறு வேறு தொழிலுடையோர் தானியமும் நெய்யும் இரும்பும் தேனும் தம்முள் மாற்றிக்கொண்டு நூற்றாண்டுகள் வாழ்ந்த மலை அது. திணை மயக்கம் என்று தொல்காப்பிய உரைகளில் படித்துத் தேர்வெழுதிய நாம், அது கண்முன் அமர்ந்திருந்தபோது காணத் தவறினோம். அம்மூதாட்டியின் மூன்று தொடர்கள் எமக்கு ஒரு பாடநூலின் பயனைத் தந்தன.

தமிழ்த்துறை மாணவர்க்கு அம்மலை மொழியாராய்ச்சிக் களமும் ஆகும். தோடமும் கோத்தமும் தமிழின் உடன்பிறந்த திராவிட மொழிகள். அவற்றை 1930-களில் நேரிற் சென்று ஆராய்ந்தவர் எமனோ என்னும் அமெரிக்க மொழியியலறிஞர். தோடர் தம் பாடல்களை இணையிணையான தொடர்களால் வாய்மொழியாகவே கட்டுகின்றனர் என்பதை விளக்கி அவர் தொகுத்த பெருநூல் 1971-இல் வெளிவந்தது. கடல் கடந்து வந்து ஒருவர் கேட்டெழுதிய பாடல்களை, ஓர் இரவுப் பேருந்துத் தொலைவில் இருக்கும் நாம் கேட்டதுமில்லை. இன்று தோடர் தொகை ஏறத்தாழ இரண்டாயிரம். ஒரு மொழியின் முழு உலகமும் எம் கல்லூரி மாணவர் எண்ணிக்கையளவே உள்ள மக்களின் நாவில் தங்கியிருக்கிறது.

ஊர்ப்பெயர்களே ஒரு பாடமாகும். மந்து என்று முடிந்தால் தோடர் குடியிருப்பு, ஹட்டி என்று முடிந்தால் படுகர் ஊர், கோக்கால் என்றால் கோத்தர் ஊர். மந்து என்ற சொல் தமிழின் மன்றத்தை நினைவூட்டவில்லையா? 'ஊட்டி' என்று செல்லமாகச் சுருக்கியழைக்கிறோம். சுருக்கியபோது உதிர்ந்துபோனது அந்த 'மந்து'தான். இடத்தின் பெயரிலிருந்தே இடத்துக்குரியோரை நீக்கிவிட்டோம். சேரன் செங்குட்டுவன் வடதிசைப் பயணத்தின்போது நீலகிரியில் தங்கியதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. தமிழ் படித்த மாணவன் ஒருவன் அம்மலைக்குச் சென்று, இளங்கோவடிகளையும் நினையாமல் மந்தையும் அறியாமல் திரும்புவானாயின் குறை கற்பித்தவரிடமே உள்ளது.

சோலையும் சீகையும்

நீலகிரியின் இயற்கை அமைப்பு புல்வெளியும் சோலையும் சேர்ந்தது. மலைமடிப்புகளில் அடர்ந்த குறுமரச் சோலைகள், முதுகுகளில் பரந்த புல்வெளிகள். மழைநீரையும் மூடுபனியின் ஈரத்தையும் அவை பஞ்சுபோல் உறிஞ்சித் தேக்கி, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. பவானியும் மோயாறும் அவ்வாறு வளம் பெறுபவை. இரண்டும் சேர்ந்து காவிரியை அடைகின்றன. கீழே எவனோ ஒருவன் வயலுக்குப் பாயும் நீர் மேலே ஒரு சோலையின் வேரில் காத்திருந்த நீராகும்.

வெள்ளையர் விறகுக்காகச் சோலைகளை வெட்டினர். வெட்டிய இடத்தை நிரப்ப ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரத்தையும், உள்ளூரார் சீகை என வழங்கும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்தனர். புல்வெளியைத் 'தரிசு' என்று கருதினர். விடுதலைக்குப் பின் நம் அரசுகளும் அவ்வழியே தொடர்ந்து புல்வெளிகளில் அம்மரங்களைப் பெருக நட்டன. தைல மரம் ஆலைகளுக்குக் கூழாயிற்று. வாட்டில் மரத்தின் பட்டை எங்கே சென்றது? தோல் பதனிடும் தொழிற்கூடங்களுக்குச் சென்றது.

இதனை இம்மலரில் எழுதுவதற்குக் காரணமுண்டு. தமிழ்நாட்டுத் தோல் தொழிலில் நம் சமுதாயத்தாரின் பங்கு பெரிது. வாணியம்பாடியும் ஆம்பூரும் அத்தொழிலால் உயர்ந்தன. அச்செல்வத்தால் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தன. அவற்றின் பயனை நுகர்ந்தோருள் நாமும் ஒருவர். நன்றி மறந்து இதனைக் கூறவில்லை. எனினும் நாம் கற்ற கல்விக்கு எங்கோ ஒரு புல்வெளி விலை கொடுத்திருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று. குற்றத்தை வெள்ளையர் தலையில் முழுவதும் சுமத்திவிட்டு நாம் கைகழுவ இயலாது. மலைக்குச் செல்பவன் இவ்வறிவைப் பெற்றுத் திரும்பினால், பெரியவர் கேட்ட வினாவுக்கு அதுவே ஒரு விடையாகும்.

எருமை மேய்ந்த புல்வெளி சுருங்கியதால் தோடர் வாழ்வும் சுருங்கியது. இன்று அயல் மரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. 1986-இல் நீலகிரி நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊர்திப் பெருக்கம் தாங்க இயலாது போகவே, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் மலையேறும் ஊர்திகளுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு முறை வந்தது. 2025 கோடையில் வேலை நாள்களில் 6,000, வார இறுதி நாள்களில் 8,000 என வண்டிகளுக்கு வரம்பும் விதிக்கப்பட்டது. நாம் செல்வதே ஒரு சுமை என்று மலை கூறத் தொடங்கிவிட்டது. ஆகவே செல்வதாயின் பயனுடன் செல்ல வேண்டும்.

பச்சைக் கம்பளத்தின் பின்னே

தேயிலைத் தோட்டங்களைக் 'பச்சைக் கம்பளம்' என்று எம் மாணவர் பலர் பயணக் கட்டுரையில் எழுதுவர். நாமும் அதற்கு மதிப்பெண் வழங்கியிருக்கிறோம். அக்கம்பளத்தை நெய்தவர் யாவர்? 1860-களில் கொய்னா மருந்துக்கான சிங்கோனா மரங்களை நடும் பணியில், தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள்கூட நடுவட்டத்தில் ஈடுபடுத்தப்பட்டனர். பின்னர்ச் சமவெளியிலிருந்து வறுமையால் துரத்தப்பட்ட தமிழர்கள் மலையேறினர்.

இலங்கையின் மலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களுள் ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென 1964-இல் சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் முடிவு செய்தது. அவ்வாறு வந்தோருக்கு வாழ்வளிக்க 1968-இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் குடியமர்ந்த அம்மக்களைப் பற்றி எம் மாணவர் அறிந்தது யாது? ஒரு மலையில் தேயிலை பறித்தவர், கேட்பாரின்றிக் கடல் கடத்தப்பட்டு, மற்றொரு மலையில் தேயிலை பறிக்க அமர்த்தப்பட்ட வரலாறு தமிழர் வரலாறன்றோ? புலம்பெயர் இலக்கியம் என்று தாள் வைத்து நடத்துகிறோம். இரண்டு முறை புலம்பெயர்ந்தோர் வரிசை வீடுகளில் வாழும் தெருவழியே பேருந்தில் பாட்டுப்போட்டுக் கடந்து செல்கிறோம்.

எமது பரிந்துரை

குறை கூறி நிறுத்திவிடின் கடமை முடியாது. எமது கருத்துகளைச் சுருக்கமாக வைக்கிறோம்.

முதலாவது, பன்னிரண்டு இடங்களைப் பார்க்கும் ஓட்டம் வேண்டா. மூன்று நாளில் மூன்று இடங்கள் போதும். சல்லிவனின் கல்வீடு இன்று உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. அங்கே அக்கல்லூரித் தமிழ் மாணவருடன் ஒரு முற்பகல் உரையாடலாம். ஒரு சோலையை வனத்துறையின் அனுமதியுடன் பார்க்கலாம். ஒரு தேயிலைக் குடியிருப்பில் முதியோரிடம் அமர்ந்து கேட்கலாம்.

இரண்டாவது, புறப்படுமுன் ஒரு வாரம் வகுப்பு நடைபெற வேண்டும். திரும்பியபின் ஒவ்வொரு மாணவரும் தாம் கண்ட ஒன்றைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் துறையில் ஒப்படைக்க வேண்டும். ஊர்ப்பெயர் தொகுக்கலாம், ஒரு முதியவரின் வாழ்க்கையைக் கேட்டெழுதலாம். பத்தாண்டுகளில் அது துறையின் செல்வமாகும்.

மூன்றாவது, சென்ற இடத்தில் விருந்தினர்க்குரிய ஒழுக்கம் வேண்டும். தோடரின் கோயிலையும் இல்லத்தையும் இசைவின்றிப் படமெடுத்தல் கூடாது. புவிசார் குறியீடு 2013-இல் பெற்ற அவர்தம் பின்னல் வேலைக்குப் பேரம் பேசுதல் கூடாது. நெகிழிப் பையொன்றும் மலையில் எஞ்சுதல் கூடாது. கோடை நெரிசலில் செல்லாது வேறு மாதத்தைத் தேர்தல் வேண்டும்.

நான்காவது, மாணவியர் பற்றியது. பெற்றோரின் தயக்கத்தை நாம் எள்ளவில்லை. எமக்கும் இரு பெண்மக்கள் உள்ளனர். பேராசிரியைகள் உடன் வருதலும், விரும்பும் தாய்மார் சிலர் இணைதலும், தங்குமிடத்தை முன்சென்று பார்த்து உறுதி செய்தலும் துறையின் பொறுப்பாகும். ஆனால் ஆண்மக்கள் மட்டும் சென்றுவர, பெண்மக்கள் படங்களைப் பார்த்து அமைதியுறட்டும் என்ற முடிவை நாம் ஏற்கமாட்டோம். அன்று அம்மூதாட்டியின் சொற்கேட்டு எம் பிழையை முதலில் உணர்ந்தவர் மாணவியரே. திரும்பிவரும் வழியில் அவர்களுள் ஒருவர், "ஐயா, அந்தப் பாட்டிக்கு அவர்கள் மொழியில் நன்றி சொல்ல என்ன சொல் என்று கேட்காமல் வந்துவிட்டோம்" என்றார். அத்தகைய உள்ளத்திற்குக் கதவடைப்பது கல்வி ஆகாது.

ஐந்தாவது, பணம். கட்டணம் செலுத்த இயலாமையால் ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து பேர் 'உடல்நலமில்லை' என்று கூறி நின்றுவிடுகின்றனர். காரணம் எமக்குத் தெரியும். அவர்கள் தன்மானத்தைக் காக்க நாமும் நம்பியதுபோல் இருந்திருக்கிறோம். நம் சமுதாயச் செல்வர்கள் கட்டடத்திற்கும் விழாவிற்கும் வழங்குவதில் ஒரு சிறு பங்கினை இதற்கென ஒதுக்குவராயின், பெயரறியாத ஒரு பிள்ளையின் கண்ணைத் திறந்த நற்கூலி அவர்களைச் சேரும்.

பயணம் நம் மரபிற்குப் புதிதன்று. கடல்வழி வணிகம் செய்த முன்னோரின் வழியில் வந்தவர் நாம். மொராக்கோவிலிருந்து புறப்பட்டு 14-ஆம் நூற்றாண்டில் மதுரைவரை வந்து, தாம் கண்டவற்றைப் பதிவு செய்வித்த இப்னு பதூதாவைப் போற்றுகிறோம். அவர் கண்ட ஊர்களை இன்றும் நாம் அறிவது, அவர் கண்டவையும் கேட்டவையும் ஏட்டில் ஏறியமையால் அன்றோ?

பெரியவரின் வினா இன்றும் எம் செவியில் ஒலிக்கிறது. "மலையிலிருந்து என்ன கொண்டுவந்தார்கள்?" இனி ஒருமுறை வாய்ப்பு நல்குவீராயின், திரும்பிவந்தபின் மேசைமேல் நிழற்படங்களை வைக்கமாட்டோம். மாணவர் எழுதிய தாள்களை வைப்போம். அவற்றைப் படித்தபின் தாங்களே முடிவு செய்யலாம். அம்மூதாட்டியின் மொழியில் நன்றிக்குரிய சொல்லும் அத்தாள்களில் ஒன்றிலேனும் இருக்கும் என நம்புகிறோம்.